ஆறாத புண்ணுக்கு ரசஞ்சோறு

இன்றைக்கும் யாராவது "தையல் போட்டிருக்கு, முட்டை ஆகாது" என்று சொல்லக் கேட்டால் எனக்குச் சுர்ரென்று ஏறும். தொண்ணூறுகளில் சிங்காநல்லூரில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நர்சாக இருந்தேன். புண்ணுக்குக் கட்டுப் போடுவதும், வீட்டில் எப்படிப் பார்த்துக்கொள்வது என்று கூட வருகிறவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பதும் என் வேலை.

அங்கே கட்டுப் போட வந்த ஒரு பெண் மில்லில் நாள் முழுக்க நின்றுகொண்டே நூல் சுற்றும் வேலை பார்ப்பவள். வெந்நீர் அண்டா சரிந்து கெண்டைக்கால் உள்ளங்கை அகலத்துக்கு வெந்துபோயிருந்தது. மாமியார்தான் கூட வருவார். சொன்னதைச் சொன்னபடி செய்வதில் அவரை மிஞ்ச ஆளில்லை. மஞ்சள், காப்பித்தூள், பேனா மை எதுவும் வைக்கக் கூடாது என்றேன், வைக்கவில்லை. பழைய வேட்டித் துணியைக் கொதிக்க வைத்து, வெயிலில் காயப்போட்டு, இஸ்திரி போட்டுக் கொண்டுவந்தார். கை கழுவச் சோப்பு, காலுக்கடியில் தலையணை, சுற்றியிருந்த வறண்ட தோலுக்குத் தேங்காய் எண்ணெய், ஒன்றும் தப்பவில்லை. "இந்தம்மாவப் பாத்துக் கத்துக்குங்க" என்று மற்றவர்களிடம் பெருமையடித்துக்கொண்டேன்.

ஆனால் புண் ஆறவில்லை. ஒரு மாதம் ஆகியும் ஓரத்தில் புதுத் தோல் வராமல் வெளுத்துக் கிடந்தது. டாக்டர் என்னைத்தான் முறைத்தார். இன்னும் பத்து நாளில் ஆறாவிட்டால் தொடையிலிருந்து தோலெடுத்து ஒட்ட வேண்டும் என்றார். அவள் அழுதுவிட்டாள்.

"இன்னும் ரெண்டு மாசம் நிக்க முடியாட்டி மில்லுல வேற ஆளப் போட்டுருவாங்க சிஸ்டர்."

அன்று கட்டுப் பிரிக்கும்போதே அவளுக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. என் டிபன் பாக்ஸில் இருந்த அவித்த முட்டையை நீட்டினேன். கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"வேண்டாமுங்க. புண்ணு சீழ் கோத்துக்குமுங்க."

"காலையில என்ன சாப்புட்டே கண்ணு?"

"ரசஞ்சோறுங்க. கால் வெந்ததுலிருந்து ரசஞ்சோறும் பன்னும்தானுங்க. பருப்பு, பாலுகூட ஆகாதுன்னு அத்தை சொல்லிப்போட்டாங்க."

அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. சில மாதங்களுக்கு முன் அவள் புருஷன் வண்டியிலிருந்து விழுந்து, முழங்காலில் தையலோடு இதே ஆஸ்பத்திரியில் கிடந்தான். இதே மாமியார்தான் தூக்குப்போசி நிறைய நாட்டுக்கோழிச் சாறு கொண்டுவந்து, ஊட்டாத குறையாகக் கொடுத்தார். வெளியே பெஞ்சில் இருந்தவரை உள்ளே கூப்பிட்டேன்.

"ஏனுங்கம்மா, உங்க பையனுக்கு மட்டும் சீழ் கோக்காதுங்களா?"

"அவன் ஆம்பளைங்க அம்மணி. தெம்பு வந்தாத்தான வேலைக்குப் போவ முடியும்?"

"இவ என்ன, மில்லுக்கு வேடிக்கை பாக்கவா போறா?"

கத்தியே விட்டேன். வரிசையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவர் குரலை உயர்த்தவில்லை.

"நீங்க சொன்னது அத்தனையும் செஞ்சேனுங்க. சோத்தப் பத்தி ஒரு வார்த்தை சொன்னீங்களா அம்மணி?"

சொல்லவில்லை. துணி, தண்ணீர், சோப்பு என்று வாய் ஓயாமல் சொன்ன நான், அவள் வாய்க்குள் என்ன போகிறது என்று ஒருநாளும் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்று யோசித்தபோது என் மேலேயே ஆத்திரம் வந்தது. முதல் பிரசவத்தில் வயிற்றைக் கிழித்துத் தைத்தபோது நானும் நாற்பது நாள் மிளகு ரசம் குடித்தவள்தான். புதுத் தோல் வளரப் புரதம் வேண்டும் என்று பரீட்சையில் எழுதித் தேறியவள், எங்கள் வீட்டில் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. விளக்கைப் பிடித்துக்கொண்டே கிணற்றில் விழுந்திருக்கிறேன்.

மறுநாளிலிருந்து என் கண்முன்னால் முட்டை தின்ற பிறகுதான் கட்டு என்று சொல்லிவிட்டேன். மாமியார் முகத்தைத் திருப்பிக்கொண்டாலும், வீட்டுக் கோழியிட்ட முட்டையை அவித்துக் கொண்டுவந்தார். பருப்பும் பாலும் வீட்டிலேயே கிடைத்தன. பத்தாவது நாள் புண் சிவந்து, ஓரத்தில் மெல்லிய தோல் உள்ளே நகர்ந்திருந்தது. டாக்டர் தோல் ஒட்டும் பேச்சை விட்டுவிட்டார். புண் மூடியதும் அவள் மறுபடி மில்லுக்குப் போனாள்.

வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் சீட்டில் சாப்பாட்டைப் பற்றியும் ஒரு வரி அச்சடிக்கலாமே என்று டாக்டரிடம் கேட்டேன். "அதெல்லாம் சமையக்கட்டு விஷயம் சிஸ்டர்" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அங்கே இருந்தவரை ஒவ்வொரு சீட்டின் பின்பக்கமும் நானே பேனாவால் எழுதினேன்: முட்டை, பருப்பு, கறி சாப்பிடலாம்.

கொஞ்ச நாளில் அதற்குக் கீழே இன்னொரு வரியும் எழுத வேண்டியிருந்தது: பெண்களும் சாப்பிடலாம்.