சூனியக்காரி வீட்டுப் பெட்டை

ஜேர்மனியின் டோர்ட்மண்டில், தேவாலயத்தில் தமிழ்ப் பூசை முடிந்து மண்டபத்தில் எல்லாரும் சாப்பிடக் கூடியிருந்தோம். அம்மா கொண்டுவந்த ரோல்ஸ் தட்டை ஒரு பெண் மேசையிலிருந்து எடுத்து ஓரமாகத் தள்ளி வைத்தார். அந்தப் பெண்ணின் மருமகளுக்கு அந்த வாரம்தான் கரு கலைந்திருந்தது. அதற்கு முந்திய ஞாயிறு அம்மா அந்த மருமகளின் வயிற்றைத் தொட்டு ஆசீர்வதித்ததை எல்லாரும் பார்த்திருந்தார்கள்.

“இவவின்ர பரம்பரை என்னெண்டு மன்னாரில கேட்டுப் பாருங்கோ. சூனியக்காரி வீடு,” என்றார் தட்டைத் தள்ளி வைத்தவர்.

அருகில் நின்ற ஒருத்தி தன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு விலகிப் போனாள்.

திரும்பும்போது ரயிலில் அம்மா அந்தப் பேச்சு எங்கிருந்து வந்ததென்று சொன்னார். அதுவரை நான் கேட்டிராத கதை. அவருடைய தாய்வழியில், இலங்கையை ஒல்லாந்தர் ஆண்ட காலத்தில், ஒரு மருத்துவிச்சி இருந்தாராம். மன்னார்க் கோட்டையிலிருந்த அதிகாரி ஒருவனின் பிள்ளை பிறந்து சில நாளில் இறந்துபோக, சூனியம் செய்தாள் என்று அவரைப் பிடித்துக் கோட்டைக்குள் அடைத்தார்கள். விட்ட பிறகும் ஊரில் யாரும் அவரைப் பேறு பார்க்கக் கூப்பிடவில்லை. அவருடைய பெண்மக்களுக்குத் தூரத்து ஊர்களில்தான் கலியாணம் சரிவந்தது. அம்மாவைப் பெண்பார்க்க வந்தவர்களும் இதைக் கேள்விப்பட்டு ஒருமுறை எழுந்து போயிருக்கிறார்கள்.

மறுநாள் வேலை முடிந்ததும் அம்மா அந்த மருமகளின் வீட்டுக்குப் புறப்பட்டார். வேண்டாமென்று சொல்லிப் பார்த்துவிட்டு நானும் கூடப் போனேன். அவளுடைய மாமியார் கதவுச் சங்கிலியைக் கழற்றாமல் கதவை ஒரு கீற்றுத்தான் திறந்தார்.

“ஓம் அக்கா, அந்த வீட்டுப் பெட்டைதான் நான்,” என்றார் அம்மா. “உங்கட மருமகளைப் பாக்க வந்தனான். வரவேண்டாமெண்டு அவ சொல்லட்டும், போறன்.”

கதவு மூடப்போனது. அம்மா காலை உள்ளே வைத்துவிட்டார். மாமியார் பொலிசைக் கூப்பிடுவேன் என்றார். அப்போது உள்ளேயிருந்து மருமகள் வந்தாள். முகம் வெளிறி, சுவரைப் பிடித்தபடி நின்றாள்.

“அன்ரி தொடுறதுக்கு முதலே டொக்டர் எனக்குச் சொல்லிட்டார், மாமி. பிள்ளையின்ர இதயம் நிண்டுட்டுதாம். உங்களுக்குச் சொல்லப் பயத்தில இருந்தனான்.”

மாமியார் குசினிக்குள் போய்விட்டார். சங்கிலியை மருமகள்தான் கழற்றினாள். அம்மா அவளைக் கட்டிப்பிடிக்கவில்லை. தொடலாமா என்று கேட்டார். அவள் தலையாட்டிவிட்டு அம்மாவின் தோளில் சாய்ந்து, சத்தமில்லாமல் நெடுநேரம் அழுதாள்.

மாமியார் இன்றுவரை மன்னிப்புக் கேட்கவில்லை. மண்டபத்தில் அந்தப் பேச்சு மெல்ல அடங்கியது. ஆனாலும் கைக்குழந்தையோடு வருகிறவர்கள் சிலர் எங்கள் வரிசையில் உட்காருவதில்லை. கோட்டையில் அடைபட்டவரின் பெயர் என்னவென்று அம்மாவைக் கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. வீட்டில் யாரும் அதைச் சொல்லிக் கேட்டதில்லையாம்.