ஆளுநர் வீட்டில் ஒரு கடைக்காரனின் தராசு

கடந்த ஞாயிற்றுக்கிழமை அருங்காட்சியகம் பார்க்கப் போய், ஒரு விளக்க அட்டைக்காக முக்கால் மணி நேரம் வாதாடிவிட்டு வந்தேன்.

பேர்லினின் நொய்கெல்ன் பகுதியில் இருபத்திரண்டு வருடமாக மளிகைக் கடை வைத்திருக்கிறேன். ஞாயிறு பூட்டு, எங்காவது போவோம் என்று மனைவிதான் இழுத்துப் போனார். பேர்லினிலிருந்து வட்டார ரயிலில் இரண்டு மணி பத்து நிமிடம். மாதாந்த ரிக்கெற் இருந்தால் மேலதிகச் செலவில்லை. நிலையத்திலிருந்து ஒன்றரைக் கிலோமீற்றர் நடை. நுழைவு ஆளுக்கு எட்டு யூரோ. ஆப்பிரிக்கக் குடியேற்ற நாடொன்றை ஆண்ட ஆளுநர் ஊர் திரும்பிக் குடியிருந்த மாளிகை அது.

கீழ்த்தளத்தில் அவருடைய சாப்பாட்டு மேசை, தொப்பிகள், வேட்டைக் கொம்புகள். எதிர்பார்த்ததுதான். மேல்மாடியில், கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு பித்தளைத் தராசும் ஐந்து படிக்கல்லும். அந்த ஆப்பிரிக்க நாட்டு வியாபாரி ஒருவர் ஆளுநருக்கு அன்புடன் அளித்த பரிசு என்றது அட்டை.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குனிந்து பார்த்தேன். தட்டின் அடியில் சமன் பிடிக்க ஒட்டிய ஈயத்துண்டு. கைபிடிக்கும் இடம் தேய்ந்து மினுங்கியது. பரிசு கொடுக்கிறவன் புதிது கொடுப்பான். இது விடிந்தால் கடை திறக்கத் தேவையான தராசு. ஆயுத பூசைக்கு இன்றும் என் மின்தராசுக்குச் சந்தனப் பொட்டு வைக்கிறவன் நான். தராசையும் படிக்கல்லையும் சேர்த்துக் கொடுத்துவிட்டு அந்த மனிதன் மறுநாள் எதில் நிறுத்து விற்றான்? பறித்திருக்கிறார்கள். பறித்ததற்கு அன்பு என்று பெயர் வேறு.

"இஞ்சாருங்கோ, ஒரு நாளைக்குக் கடையை மறவுங்கோ எண்டால் இஞ்சையும் தராசடியிலதான் நிக்கிறியள்," என்றார் மனைவி.

"ஒருத்தன்ர கடையைப் பூட்டிப்போட்டுப் பரிசெண்டு எழுதி வைச்சிருக்கிறாங்கள். பாத்துக்கொண்டு போக ஏலாது."

அவரும் குனிந்து பார்த்தார். "அப்ப போய்க் கேளுங்கோ. கத்தாமல் கேளுங்கோ."

பொறுப்பாளராக இருந்த பெண்ணிடம், பரிசு என்பதற்கு என்ன அத்தாட்சி என்றேன். ஆளுநரின் நாட்குறிப்பு என்றார். எடுத்தவர் எழுதியது இருக்கிறது, கொடுத்தவன் எழுதியது ஒரு வரியாவது உண்டா என்றேன். இல்லை. விண்ணப்பம் எழுதிப் போடுங்கள், குழு பரிசீலிக்கும் என்றார். முப்பது வருடமாக இந்த நாட்டில் நான் கேட்கும் வசனம். முதலில் மேலே வாருங்கள் என்று கூட்டிப் போனேன். கைபேசி வெளிச்சத்தில் ஈயத்துண்டைப் பார்த்தார். இதுவரை கவனித்ததே இல்லையாம். அதன்பிறகுதான் பேச்சு வழிக்கு வந்தது.

போகிறவர்கள் கவனிக்க: திங்கள் பூட்டு. பை வைக்கும் பெட்டிக்கு ஒரு யூரோ நாணயம் வேண்டும். மேல்மாடியிலிருந்து தொடங்குங்கள், அட்டையை வாசிக்க முன் பொருளைப் பாருங்கள். அங்கே வைத்திருப்பதெல்லாம் யாரோ ஒருவர் பிழைப்பு நடத்திய சாமான்.

பொறுப்பாளரும் நானும் பேசி முடித்தது இது: பரிசு என்ற வரியை அன்றே தாள் ஒட்டி மறைப்பது, எப்படி வந்தது தெரியாது என்று ஆறு கிழமைக்குள் புது அட்டை வைப்பது, நான் இரண்டு கிழமைக்குள் இந்தத் தராசைப் பற்றி ஒரு பக்கம் எழுதிக் கொடுப்பது, அதை என் பெயரோடு, கீழே கடைக்காரர் என்று போட்டு, தராசுக்குப் பக்கத்தில் தொங்கவிடுவது.