லேபிளில் பதிந்த கை

நேற்று பஸ் காடாம்புலியூரைக் கடக்கும்போது சுட்ட முந்திரிக்கொட்டையின் காரமான புகை மூக்கில் ஏற, அறுபதுகளில் அம்மாவும் மற்ற பெண்களும் வரிசையாகக் குந்தி, டொக்டொக்கென்று கொட்டை உடைத்த தகரக் கொட்டகைக்குள் மறுபடி போய் உட்கார்ந்துவிட்டேன். எவ்வளவு சாம்பல் பூசினாலும் கொட்டைத் தோட்டின் எண்ணெய் பட்டு விரல்கள் வெந்து கறுத்துப்போகும். ரசஞ்சோறு பிசைந்தால் எரியும்.

வெளியூர் வியாபாரிகள் வரும் நாளில் முதலாளி, "கைய முந்தானையில மறைச்சிக்குங்கடி, பாத்தா வாங்க மாட்டான்" என்பார். பருப்பு அடைக்கும் டின் லேபிளில் 'மேனுஃபேக்சர்ட் பை' என்று போட்டு அவர் பெயர் மட்டும் இருக்கும்.

சிதம்பரத்தில் படித்துக்கொண்டிருந்த நான் அகராதியைப் பார்த்துவிட்டு வந்து சொன்னேன்: "அந்த வார்த்தைக்கு லத்தீன்ல கையால செய்யறதுன்னு அர்த்தம்மா."

"அப்ப என் கைதான அதுல இருக்கணும்?" என்றாள் அம்மா.

அடுத்த தடவை வியாபாரிகள் வந்து நின்றபோது, அடுக்கியிருந்த ஒவ்வொரு டின்னிலும் முதலாளி பெயர்மேலேயே தன் எண்ணெய்க் கையை அழுத்திக்கொண்டே போனாள். அன்றே வேலை போயிற்று.

நேற்று இறங்கிப் போய் விசாரித்தேன். கொட்டகை இருந்த இடம் இப்போது முள்ளுக்காடு. முதலாளி யாரென்று அங்கே ஒருவருக்கும் தெரியவில்லை. எனக்கு அந்தப் பெயர் இனிஷியலோடு ஞாபகம் இருக்கிறது. அதனால்தான் இங்கே எழுதவில்லை.