சிஞ்ஞோரா ஆஸ்பத்திரியில் இருந்தபோது காய்ச்சிய பால்

என் கணவர் கடையில் நின்றபடி என்னைத் தொலைபேசியில் அழைத்தார். முழுக் கொழுப்புப் பாலா, பாதிக் கொழுப்பா என்று கேட்டார். புதுவீடு குடிபூரலுக்கு யாராவது பாதிக் கொழுப்புப் பால் காய்ச்சுவார்களா என்று நான் சிரித்தேன். "சரி, வாறன்" என்று வைத்துவிட்டார். 2022 ஜூன் 10, வெள்ளிக்கிழமை, பகல் 1.25. நாற்பத்தொரு வினாடி பேசியிருக்கிறோம்.

இதைக் கட்டுக்கதை என்று எடுத்துக்கொள்பவர்கள் எடுத்துக்கொள்ளலாம். எனக்குக் கோபமில்லை. ஆனால் அன்று அந்த வீட்டில் நான்கு பேர் இருந்தோம். மூன்று பேர் மிச்சம். மூவரையும் தனித்தனியே கேட்டாலும் இதே நேரங்களைத்தான் சொல்வோம்.

என் பெயர் இராசேஸ்வரி. இத்தாலியில், பலேர்மோ நகரில் இருபத்தாறு வருடமாக வீட்டு வேலை. என் கணவர் இராஜதுரை, கால்சாப் பகுதியில் மூன்றாம் மாடியில் தனியாக இருந்த வயதான சிஞ்ஞோரா, அதாவது திருமதி, கம்மராத்தாவைப் பார்த்துக்கொண்டார். சமையல், மருந்து, சாப்பாடு ஊட்டுவது எல்லாம் அவர். காலையில் நான் போய்க் குளிப்பாட்டிவிட்டு வருவேன்.

நாங்கள் இருந்தது சீசா என்ற பகுதியில், ஜன்னல் இல்லாத ஓர் அறையில். சுவரெல்லாம் ஈரம். என் கணவருக்குத் தொய்வு வருத்தம், ஆஸ்துமா. படுத்தால் மூச்சு இழுக்கும். அந்த அறையில் இன்னும் இரண்டு மாரி தாங்கமாட்டார் என்று வைத்தியர் சொல்லிவிட்டார். சிஞ்ஞோராவின் வீட்டுப் பின்னறையில் கடலைப் பார்த்து ஒரு ஜன்னல் இருந்தது. வேலை முடிந்ததும் அதன் அருகில் ஐந்து நிமிடம் நின்றுவிட்டுத்தான் வருவார்.

அவருடைய தம்பி விதுரன் லண்டனில். பிரித்தானியக் கடவுச்சீட்டு. அங்கிருந்து பலர் விலை குறைந்த வெளிநாடுகளில் வீடு தேடுகிறார்கள். விதுரனின் மனைவி சாம்பவி தொலைபேசியில் ஒரு பட்டியலே வைத்திருந்தாள். கோப்பி அங்கே எவ்வளவு, இங்கே எவ்வளவு. பஸ், மின்சாரம், வயதானால் பார்த்துக்கொள்ள வரும் ஆளின் சம்பளம். "லண்டனில கார் விடுற இடத்தின்ரை காசுக்கு இஞ்சை மூண்டறை வீடு, அக்கா" என்பாள்.

இங்கே ஒரு முறை உண்டு. வயதானவர் வீட்டை விற்பார்; ஆனால் சாகும்வரை அதிலேயே இருப்பார். அந்த உரிமை பத்திரத்திலேயே எழுதப்படும். வாங்கியவர் காத்திருக்க வேண்டும். அதனால் விலை குறைவு.

சிஞ்ஞோரா அப்படி விற்க நினைத்தபோது தம்பிக்குச் சொன்னது என் கணவர்தான். வெறுமனே சொல்லவில்லை. சிஞ்ஞோராவின் மருத்துவக் கடிதங்களைத் தொலைபேசியில் வாசித்துக் காட்டினார். இதயம் பலவீனம், நுரையீரலில் நீர். நான் பக்கத்தில் இருந்தேன். தடுக்கவில்லை. சிஞ்ஞோரா போனதும் பின்னறை எங்களுக்கு என்று பேச்சு. 2021இல் விதுரன் பெயரில் பத்திரம் கையெழுத்தாயிற்று. அப்போது சிஞ்ஞோராவுக்கு எண்பத்தாறு. பத்திர அலுவலகத்தில் அவர் என் கணவரின் கையைப் பிடித்து, "இவர்கள் நல்லவர்களா?" என்று கேட்டாராம். இவர் ஆமென்று தலையாட்டினாராம்.

அடுத்த வருடம் மே கடைசியில் சிஞ்ஞோராவுக்கு மூச்சுத் திணறி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஒன்பதாம் நாள், இனி நாள்தான் கணக்கு என்று வைத்தியர் சொன்னார். என் கணவர் உடனே லண்டனுக்கு அழைத்தார். மறுநாளே இருவரும் வந்து இறங்கினார்கள்.

வைகாசிக்குள் பால் காய்ச்சவேண்டும், விட்டால் ஆனி, ஆடி ஆகாது என்றாள் சாம்பவி. லண்டன் ஐயர் நேரம் குறித்து அனுப்பியிருந்தார். வெள்ளி பகல் 2.12 முதல் 3.05 வரை.

"உயிரோடை இருக்கிற ஆளின்ரை வீட்டிலையோ குடிபூரப் போறியள்?" என்று நான் கேட்டேன். "ஐயருக்கு இதைச் சொன்னனீங்களோ?"

"அவரிட்டை நேரம் மட்டும்தானே கேட்டது, அண்ணி" என்றான் விதுரன். "காசு குடுத்த வீடு. ரெண்டு நாள் முந்தி எண்டு நினையுங்கோ."

நான் கணவரைப் பார்த்தேன். அவர் நிலத்தைப் பார்த்தார்.

"இஞ்சேரும்... எனக்கு மூச்சு விட ஒரு இடம் வேணும்."

நான் பெட்டியிலிருந்து தட்டத்தையும், பால் பருகும் பித்தளை மூக்குப்பேணியையும் எடுத்து வைத்தேன்.

வெள்ளிக்கிழமை. சிஞ்ஞோராவின் வீட்டு வாசலில் செருப்புகளைக் கழற்றி வெளியே விட்டோம். என் கணவர் வேட்டி கட்டியிருந்தார். வெயிலுக்காக ஜன்னல் கதவுகளைச் சாத்தியிருந்தோம். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கால்சாவில் ஈ பறந்தால் கேட்கும். சிஞ்ஞோராவின் கோப்பிக் கேத்தலை அடுப்பிலிருந்து எடுத்துக் கழுவுதொட்டிக்குள் போட்டாள் சாம்பவி. சரியாக 2.12க்குப் புதுப் பானையை ஏற்றினாள்.

2.20. ஆவி வரவில்லை.

2.30. நெருப்பு நன்றாக எரிகிறது. பானையின் வெளிப்பக்கம் கையைச் சுடுகிறது. நான் பாலுக்குள் விரலை விட்டுப் பார்த்தேன். குழாய்த் தண்ணீர் மாதிரி இருந்தது.

"கிழவி அங்கை இருந்து ஊதி ஆத்துறா போலை" என்றான் விதுரன். சாம்பவி சிரித்தாள். உண்மையைச் சொன்னால், நானும் சிரித்தேன்.

2.41.

டொக்... டொக்... டொக்.

சிஞ்ஞோரா படுக்கும் உள்ளறையிலிருந்து வந்தது. சிஞ்ஞோரா கூப்பிட்டால் மோதிரத்தால் சுவரில் மூன்று தரம் தட்டுவார். அதே இடைவெளி. அதே சுவர். அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் வேறு வீடு இல்லை. தெருதான். மூன்று மாடி கீழே.

"ஓம், வாறன்" என்றார் என் கணவர்.

பழக்கத்தில் வந்த பதில் அது. இரண்டு வருடம் அவர் அப்படித்தான் பதில் சொன்னார். தமிழ் தெரியாவிட்டாலும் சிஞ்ஞோராவும் அதைப் புரிந்துகொள்வார். என் கணவர் தட்டத்திலிருந்த பித்தளை மூக்குப்பேணியைக் கையில் எடுத்தார். வெறும் பேணி. என் பக்கம் திரும்பவில்லை. போனார். கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

விதுரன் எழுந்து போய்க் கதவைத் தள்ளினான். பூட்டும் இல்லை, தாழ்ப்பாளும் இல்லை. ஆனால் அசையவில்லை.

2.44. உள்ளே அவர் குரல். ஊட்டும்போது பேசும் அதே தாழ்ந்த குரல். "பியானோ... பியானோ..." மெதுவாக, மெதுவாக என்கிறார். இடையிடையே அமைதி. யாரோ விழுங்குவதற்குக் காத்திருக்கிற மாதிரி...

2.47. சாம்பவி என் கையைப் பிடித்தாள். பானையைக் காட்டினாள். பால் இன்னும் கொதிக்கவில்லை. ஆனால் குறைந்திருந்தது. ஒரு விரல் அளவு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னும் கொஞ்சம்...

2.49. மூச்சுச் சத்தம். அவருடைய இழுப்புத்தான், எனக்குத் தெரியாதா. ஆனால் அதோடு இன்னொன்றும் கேட்டது. முதலில் கரகரப்பாக. பிறகு தெளிவாக. பிறகு ஆழமாக.

உள்ளே இரண்டு மூச்சு.

நான் கதவில் அடித்தேன். "இஞ்சேருங்கோ... இஞ்சேருங்கோ..."

ஒன்று குறைந்தது.

மற்றது நிதானமாக வந்தது.

2.51.

ஒரு மூச்சு மட்டும்.

கதவு தானாகத் திறந்தது.

இருட்டு. கட்டிலருகே நாற்காலியில் அவர். தலை சாய்ந்திருந்தது. ஒரு கை கட்டில்மேல் நீண்டிருந்தது, யாருக்கோ பேணியைப் பிடித்துக் கொடுப்பதுபோல. காலையில் நான் விரித்த விரிப்பில் சுருக்கமில்லை. தலையணையில் மட்டும் ஒரு குழி.

அவருடைய கால்கள் ஐஸ்.

பேணிக்குள் பாலாடை ஒட்டியிருந்தது. காய்ச்சிய பாலில்தானே ஆடை வரும்...

அப்போதுதான் குசினியில் பால் பொங்கி வழிந்து அடுப்பில் சீறியது.

அம்புலன்ஸ் 3.14க்கு வந்தது. தொய்வு முற்றி இதயம் நின்றுவிட்டது என்று எழுதினார்கள். நான் மறுக்கவில்லை. படிக்கட்டால் அவரை இறக்கிக்கொண்டிருந்தபோது சாம்பவி விதுரனிடம் கேட்டது என் காதில் விழுந்தது. "வீட்டுக்குள்ள செத்ததெண்டு பதிவினமோ? பிறகு விக்கேக்கை விலை விழுமோ?" அவன் தெரியாது என்றான். மெதுவாகத்தான் பேசினார்கள்.

செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனேன். செய்தியைச் சிஞ்ஞோராவுக்கு நான்தான் சொல்லவேண்டும் என்று நினைத்தேன். அதற்குள் இறந்திருப்பார், கட்டிலில் இருக்கவே மாட்டார் என்றுகூட எண்ணினேன்.

வாசலில் தாதி என்னைக் கண்டதும் கோபப்பட்டாள். வெள்ளிக்கிழமை உன் கணவர் செய்தது சரியா என்று கேட்டாள். பார்வையாளர் நேரமில்லை. முகக்கவசம் இல்லை. இடுப்பில் ஒரு வெள்ளைத் துணி, காலில் செருப்புக்கூட இல்லை. கட்டிலருகே இருந்து, மூக்கு வைத்த ஒரு பித்தளைக் கிண்ணத்தால் நோயாளிக்கு எதையோ பருக்கிக்கொண்டிருந்தார். அவள் இரண்டு தரம் அதட்டியும் திரும்பவில்லையாம். காவலாளியை அழைக்கப் போய் வருவதற்குள் ஆளைக் காணவில்லையாம்.

எத்தனை மணி என்று கேட்டேன்.

பதிவேட்டைத் திருப்பிக் காட்டினாள். நோயாளி தானாக ஒட்சிசன் கவசத்தைக் கழற்றினார், சுவாசம் சீர் என்று எழுதியிருந்தது. 14.51.

அந்த ஆஸ்பத்திரி கால்சாவிலிருந்து பஸ்ஸில் இருபத்தைந்து நிமிடம்.

நான் உள்ளே போனேன். சிஞ்ஞோரா சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கன்னம் சிவந்திருந்தது. என்னைப் பார்த்தார். என் கணவர் எங்கே என்று கேட்பார் எனக் காத்திருந்தேன். கேட்கவில்லை. இன்றுவரை கேட்கவில்லை.

ஜூலையில் வீட்டுக்கு வந்துவிட்டார். இப்போது நான்தான் பார்த்துக்கொள்கிறேன். பின்னறையை எனக்குத் தந்திருக்கிறார், வாடகை இல்லை. கடல்காற்று நன்றாக வரும்.

விதுரனும் சாம்பவியும் இந்தப் பக்கம் வருவதில்லை. வீட்டை விற்கப் பார்க்கிறார்கள். வாங்க வருகிறவர்கள் முதலில் உள்ளே இருப்பவரின் உடல்நிலையைத்தான் விசாரிக்கிறார்கள், பிறகு போய்விடுகிறார்கள். மாதம் ஒரு தரம் லண்டனிலிருந்து எனக்கு ஒரு வரி வரும். எப்படி இருக்கிறா?

நான் உண்மையைத்தான் எழுதுகிறேன். இந்தப் பங்குனியில் சிஞ்ஞோராவுக்குத் தொண்ணூற்றொரு வயது. அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு அவருக்கு ஒரு தடிமன், காய்ச்சல்கூட வரவில்லை.