பாரதத்தில் இல்லாத ஒடியன்

எழுபதுகளில், கேரள எல்லைக்குள் இருக்கிற வடகரப்பதியில் எங்கள் வீட்டுப் பெண்கள் ஆடிய தாயத்தில் மந்திரம் உண்டு. வெறுமனே கட்டை உருட்டுவது எங்களுக்குக் கௌரவக் குறைச்சல். ஆளுக்கொரு காய், ஆளுக்கொரு பாரத வேஷம். மாமியார் எப்போதும் பீஷ்மர். நினைத்தால்தான் சாவு என்கிற வரம் இருப்பதால், அவர் சம்மதிக்காமல் அவர் காயை வெட்ட முடியாது. மூத்த மருமகளான என் ஓரகத்தி சகுனி. விழுந்த எண் பிடிக்காவிட்டால் கட்டையை மறுபடி உருட்டலாம். இளையவள் எனக்குப் பாஞ்சாலி. கையைத் தூக்கிக் கூப்பிட்டால் கிருஷ்ணன் வந்து காயைக் காப்பாற்றுவான். வருவானா மாட்டானா என்று சொல்வது மாமியார். பெரும்பாலும் அவனுக்கு வேறு வேலை இருக்கும்.

மாரியம்மன் தேருக்கு முந்தின நாள் ஆடுவது மட்டும் விளையாட்டல்ல. களத்தில் கடலை காயும். காயைச் சுற்றி முடித்துக் கடைசியாகப் பழமாகிறவள் தேருக்குப் போகாமல் அதற்குக் காவல் இருக்க வேண்டும். கல்யாணமாகி வந்ததிலிருந்து நான் தேரைப் பார்த்ததே இல்லை. மேளச் சத்தம் மட்டும் காற்றில் களம்வரை வரும்.

ஒரு வருஷம், பாஞ்சாலி வேண்டாம், ஒடியன் வேண்டும் என்றேன். காளையாக உருமாறி வழியில் நிற்பானே, மலையாளத்துக்காரர்கள் பேர் சொல்லவே பயப்படும் மந்திரவாதி, அவன்தான். அவன் எதிரே நின்றால் யாரும் ஓர் அடி எடுத்து வைக்க முடியாது.

"பாரதத்துல ஒடியன் எங்க புள்ள வந்தான்?" என்றார் மாமியார்.

"ரேசன் அரிசி கேரளத்துச் சர்க்கார்கிட்டத்தானுங்க அத்தை வாங்கறோம். அவிய மந்திரம் மட்டும் செல்லாதுங்களா?"

ஓரகத்தி சிரித்துவிட்டார். அதற்குப் பிறகு மறுக்க மாமியாருக்கு வழியில்லை.

என் காய் பீஷ்மருக்கு முன்கட்டத்தில் போய் நின்றது. வெட்டவில்லை, நின்றேன், அவ்வளவுதான். சாகாத வரம் அவரிடம் இருந்தது, நகரும் வரத்தை யாரும் கொடுத்திருக்கவில்லை. ஓரகத்தி பழமாகும்வரை நின்றுவிட்டு, வேண்டிய எண் விழுந்ததும் நானும் பழமானேன்.

வாக்கு மாறுகிறவர் அல்ல மாமியார். மறுநாள் களத்தோரம் கட்டிலைப் போட்டு உட்கார்ந்து, நன்றாகப் பார்த்துவிட்டு வரும்படி எங்களை அனுப்பினார். தேரைப் பார்த்தேன். உள்ளதைச் சொன்னால், மேளச் சத்தத்தை வைத்து நான் நினைத்திருந்த தேர் இன்னும் உயரம். இருந்தாலும் வடத்தைத் தொட்டுக் கும்பிட்டு, வளையல் போட்டுக்கொண்டு, பெருமையாகவே திரும்பினேன்.

வீட்டுக் கதவு உள்ளே தாழிட்டிருந்தது. களத்தில் ஒரு காளை ஆற அமரக் கடலை தின்றுகொண்டிருந்தது. என் வீட்டுக்காரர் அதை விரட்டிவிட்டுக் கதவைத் தட்டித் திறக்கவைத்து, ஒரு கல்லை எடுத்து வீசியிருக்கக் கூடாதா என்று அம்மாவைக் கேட்டார். மாமியார் என்னைத்தான் பார்த்தார்.

"மாடுன்னு உறுதியாத் தெரிஞ்சா வீசமாட்டனா?"

வீட்டுக்காரருக்கு ஒன்றும் விளங்கவில்லை. நானும் விளக்கவில்லை.

அடுத்த வருஷம் தேருக்கு முந்தின நாள் யாரும் தாயக்கட்டையைத் தொடவில்லை. கடலையை மூட்டை கட்டி வீட்டுக்குள் போடச் சொன்னார் மாமியார். கதவைப் பூட்டிவிட்டு எல்லோருமாகப் போனோம். அத்தனை வருஷமும் இந்த யோசனை ஒருத்தருக்கும் வராமல் எந்த மந்திரம் கட்டி வைத்திருந்ததோ.