கூட்டம் பாடிய திக்கல்

அவனுடைய சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது அண்ணி மட்டும்தான். மற்ற எல்லாருக்கும் அவன் கரகரா. மீசை முளைத்த வயதில் உடைந்த குரல் பிறகு சரியாகவே இல்லை. அதையே மூலதனமாக வைத்து ராக் பாடகன் ஆனான். பாட்டையும் அவனே எழுதினான்.

அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துப் போய்விட்டதால் அவனை வளர்த்தது அண்ணன். அண்ணனுக்கு வெல்டிங் பட்டறை; சிறு வயதிலிருந்தே திக்குவாய். பட்டறையின் பின்னறையில்தான் தம்பியின் குழு ஒத்திகை பார்க்கும். ஒரு மதியம், ஸ்பீக்கர் அலறலைப் பொறுக்க முடியாமல் அண்ணன் வெல்டிங் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே வந்து நின்றார்.

"நி... நி... நிறுத்துடா!"

டிரம்ஸ்காரன் கை சும்மா இருக்கவில்லை. அந்தத் திக்கலுக்குச் சரியாகக் குச்சியைத் தட்டினான். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அண்ணனும் சிரித்துவிட்டுப் போனார்.

அந்தத் தாளத்தில் கரகரா ஒரு பாட்டு எழுதினான். அது பிய்த்துக்கொண்டு போனது. மைதானம் மைதானமாக ஜனங்கள் கையைத் தூக்கி "நி-நி-நிறுத்து" என்று கத்தினார்கள். ஊர் ஊராகப் பறந்தவனுக்கு வீட்டை நினைக்கவே நேரமில்லை.

வெகுநாள் கழித்து வந்தபோது அண்ணன் தலையசைத்தார். நாற்காலியைக் கையால் காட்டிவிட்டுப் பட்டறைக்குள் போய்விட்டார்.

"அண்ணனுக்குக் கோவமா அண்ணி?"

"கோவமெல்லாம் இல்லப்பா. அவர் வாயத் தொறந்தாலே வர்றவங்க உன் பாட்டப் பாடுறாங்க. அதான் பேசுறதையே விட்டுட்டாரு. எங்கிட்டகூட ஜாடைதான்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லட்டுமான்னு கேட்டேன். வேணாம்னு கையெடுத்துக் கும்பிட்டாரு."

கரகரா பட்டறைக்கு ஓடி அண்ணன் காலைப் பிடித்துக்கொண்டு அழுதான். அண்ணன் அவனைத் தூக்கி நிறுத்தி, முழங்காலில் ஒட்டிய இரும்புத்தூளைத் தட்டிவிட்டார்.

அதற்குப் பிறகு அந்தப் பாட்டை அவன் பாடவே இல்லை. கூட்டமோ வேறெதையும் கேட்கத் தயாராக இல்லை. தண்ணீர் பாட்டில்கள் மேடைக்குப் பறந்து வந்தன.

"ஒரு தடவ பாடிட்டு வந்துடேன். குடியா முழுகிடும்?" என்றான் டிரம்ஸ்காரன்.

"முழுகிடுச்சுடா."

குழு வேறு பாடகனைத் தேடிக்கொண்டது. கரகரா தனியாக எழுதிய பாட்டுகள் இன்னும் நன்றாக இருந்தன, கேட்கத்தான் ஆளில்லை. பழைய பாட்டு மட்டும் ரேடியோவில் ஓயாமல் ஓடியது. அவன் பட்டறைக்கே வந்து சேர்ந்தான். வாடிக்கையாளரிடம் அண்ணனுக்காகப் பேசினான். அண்ணன் ஜாடையைப் பார்த்து அளவு சொன்னான்.

வெல்டிங் புகை அண்ணனின் நுரையீரலைத் தின்றிருந்தது. ஆஸ்பத்திரியில் கடைசி நாள், அத்தனை வருட மௌனத்துக்குப் பிறகு தம்பியைப் பார்த்து வாயைத் திறந்தார்.

"பா... பா..."

"மெதுவா சொல்லுண்ணே. நான் எங்கயும் போகல."

சொல் முழுதாக வரவில்லை. மூச்சு நின்றுவிட்டது.

"பாடுன்னு சொல்ல வந்தாரா அண்ணி, இல்ல பாவின்னா?"

"பைத்தியம். பாத்துப் போன்னு சொல்ல வந்திருப்பாரு. நீ வெளியில கெளம்பினா முன்னெல்லாம் அதானே சொல்லுவாரு?"

சில நாள் கழித்து அவன் பட்டறையைத் திறந்தான். பாட்டு எழுதுவதை அத்தோடு விட்டுவிட்டான்.