அக்கா இருமுறை எழுதிய நாவல்

எங்கள் அக்கா மறைந்து இன்றோடு ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் நீங்கள் அவருடைய நற்குணங்களைப் படிக்கத்தான் எதிர்பார்ப்பீர்கள். நானும் அவற்றை எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அவருக்கு நான் செய்த துரோகத்தை விட்டுவிட்டால், அவர் வாழ்க்கையில் பாதியை மறைத்தவனாவேன்.

அக்கா ஒக்கலிபுரத்தில், ரயில் பாதையை ஒட்டிய ஒற்றை அறை வீட்டில் பிறந்தார். அப்பா காலமானபோது அவர் பத்தாவது முடித்திருந்தார். நான் மூன்றாவது படித்துக்கொண்டிருந்தேன். நான் தொடர்ந்து படிக்க வேண்டும் என்பதற்காகவே பொம்மனஹள்ளியில் ஓர் ஆயத்த ஆடை ஆலையில் வேலைக்குச் சேர்ந்தார். தைத்து வரும் சட்டைகளில் பிழை பார்க்கும் வேலை. திருமணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். நான் பட்டம் பெற்று, உத்தியோகத்தில் அமர்ந்து, மணமுடித்து லிங்கராஜபுரத்துக்குக் குடிபோகும் வரை அம்மாவையும் என்னையும் தாங்கியவர் அவர்தான்.

அவருக்கென்று இருந்தது எழுத்து ஒன்றுதான். தினமும் போக ஒன்றரை மணி, வர ஒன்றரை மணி பஸ் பயணம், மடியில் நோட்டு. நெரிசல் மிகுந்த சில்க் போர்டு சிக்னலில் வண்டி நிற்கும்போதுதான் கையெழுத்து நேராக வரும் என்பார். அப்படியே ஐந்து ஆண்டுகளில், ஆலைத் தொழிலாளர்களைப் பற்றி ஆறு நோட்டு நிறைய ஒரு நாவல் எழுதி முடித்தார். அலுவலக வேலையாக நான் அடிக்கடி சென்னை போவேன். அதனால் அங்குள்ள ஒரு பதிப்பகத்தில் சேர்க்கும்படி என்னிடம் கொடுத்தார்.

"அந்தப் பதிப்பகத்துல குடுத்துட்டு வாடா. வேற பிரதி இல்ல, பத்திரம்."

நான் கொடுக்கவில்லை. பத்தாவது படித்தவர் எழுதியதை நீட்டினால் சிரிப்பார்களோ என்று வெட்கப்பட்டேன். பையோடு பீரோ மேல் வைத்துவிட்டேன். நான்கு மாதம் கழித்து அவர் கேட்டபோது, வாயில் வந்ததைச் சொன்னேன்.

"படிச்சாங்களாம்க்கா. பாத்திரங்க மனசுல நிக்கலையாம்."

"யாரு நிக்கல? கதிரேசனா?" கதிரேசன் அந்தக் கதையில் வரும் சூப்பர்வைசர்.

"எல்லாருந்தான்."

"நோட்டு?"

"திருப்பித் தர மாட்டாங்களாம்."

அடுத்த வாரமே அக்கா புது நோட்டு வாங்கினார். நினைவிலிருந்தே முழுவதையும் மறுபடி எழுதத் தொடங்கினார். கண்டக்டர் யாரிடம் சிரிக்கிறார், யாரிடம் எரிந்து விழுகிறார் என்று கவனித்தார். ஆலையில் எல்லோரும் வெறுத்த சூப்பர்வைசரிடம் வலியப் போய்ப் பேச்சுக் கொடுத்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்கு வந்து, "கதிரேசன் ஏன் அப்படிக் கத்துறான்னு இப்பத்தான்டா எனக்கே புரியுது" என்று பூரிப்போடு சொன்னார். அவர் சாய்ந்து உட்கார்ந்திருந்த பீரோவின் மேல்தான் பழைய நோட்டுகள் இருந்தன. அப்போதும் நான் அவற்றை எடுத்துக் கொடுக்கவில்லை.

மூன்று ஆண்டு கழித்து இரண்டாவது நோட்டுக் கட்டையும் என்னை நம்பியே கொடுத்தார். பதிப்பகத்துக்குப் போனால் முதல் பொய் வெளிப்பட்டுவிடுமோ என்று பயந்து, அதையும் முதல் பைக்குப் பக்கத்தில் வைத்தேன்.

ஆயுத பூஜைக்கு வீட்டைச் சுத்தம் செய்யும்போது, விவரம் அறியாத என் மனைவி இரண்டு பைகளையும் இறக்கி, உதவிக்கு வந்திருந்த அக்காவின் முன்னால் வைத்தாள். அக்கா நோட்டுகளைப் புரட்டிப் பார்த்தார்.

"அப்போ, மனசுல நிக்கலன்னு சொன்னது யாரு?"

"நாந்தான்க்கா."

"நீ படிச்சியா?"

இல்லை என்று தலையசைத்தேன்.

"படிச்சிட்டு நல்லால்லன்னு சொல்லியிருந்தா கூட பரவால்லியேடா."

ஆட்டோ பிடித்து, பைகளோடு போய்விட்டார். அதன் பிறகு விசேஷங்களில் பார்த்தால், "சாப்ட்டீங்களா? பசங்க நல்லாயிருக்காங்களா?" என்று கேட்பார். இடுப்பில் தூக்கி வளர்த்த தம்பியை 'நீங்க' என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

எழுத்தை அவர் விடவில்லை. கூட வேலை பார்த்த ரெஜினா, "நீங்க நோட்டப் பாத்துச் சொல்லச் சொல்ல நான் ஃபோன்ல அடிக்கிறேன்க்கா. டீ டைம்ல பத்து வரி ஆனா போதும்" என்று முன்வந்தார். ஓர் ஆண்டுக்கு மேல் ஆயிற்று. இரண்டு பதிப்பகங்கள் மறுத்தன. மூன்றாவது, நீளத்தைக் குறைக்கச் சொன்னது, குறைத்தார். புத்தகம் வெளிவந்தது. ஒரே ஊரில் இருக்கும் எனக்குத் தபாலில் ஒரு பிரதி வந்தது. உள்ளே கையெழுத்து இல்லை.

சில மாதங்களில் புற்றுநோய் அவரைப் படுக்கையில் தள்ளியது. மருத்துவமனை வராந்தாவில் உட்கார்ந்துதான் அந்த நாவலை முதன்முறையாகப் படித்தேன். நாளெல்லாம் பெண்களை அதட்டும் கதிரேசன், பிரசவத்துக்குப் போன ஒருத்தியின் தையல் மெஷினை யாரையும் தொடவிடாமல், அவள் திரும்பும் வரை தினமும் தானே துடைத்து வைக்கிறான். உள்ளே போய் அக்காவிடம் சொன்னேன்.

"அவன் மெஷின துடைக்கிற எடத்துல அழுதுட்டேன்க்கா."

அவர் முகம் மலர்ந்தது. "அது மொத நோட்டுல கெடையாது. ரெண்டாவது தடவ எழுதறப்போ வந்தது." பிறகு அந்த மலர்ச்சி அடங்கிவிட்டது. சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். "ரெண்டையும் அப்பவே படிச்சிருக்கலாம் நீங்க."

நான்காம் நாள் அக்கா காலமானார்.

என் பொய்யால்தான் கதை மெருகேறியது என்று உறவினர் சிலர் எனக்கு ஆறுதல் சொல்கிறார்கள். அன்புகூர்ந்து அப்படிச் சொல்லாதீர்கள். அந்த உழைப்பு முழுவதும் அவருடையது. நான் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டது மூன்று ஆண்டுகளை.

பத்துப் பத்து வரியாகத் தட்டச்சு செய்த ரெஜினாவுக்கும், மருத்துவமனையில் முறைவைத்து அவர் அருகில் இருந்த ஆலைத் தோழியருக்கும், இறுதிப் பயணத்தில் உடன் வந்த ஒக்கலிபுரத்து அண்டை வீட்டாருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. இந்த மலரோடு அக்காவின் நாவலும் உங்கள் கைக்கு வருகிறது. தயவுசெய்து படியுங்கள்.